பாசி கட்டிய மரம்

எனக்கு நோய் கொட்டாவியாகத்தான் வந்தது. மாசி மாதம், வெயில் நன்றாக ஏறிய முற்பகல். போடிமெட்டுக்கு மேற்கே ஓர் ஏலத்தோட்டத்தில் மரங்களுக்குச் சுண்ணாம்புக் குறி போட்டுக்கொண்டிருந்தேன். வாயை மூட முடியவில்லை; ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்தது. கோடாலியோடு பின்னால் வந்த ஆட்கள், மேஸ்திரிக்கு வீட்டில் தூக்கம் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று கேலி பேசினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அரை மணி நேரத்தில் என் விரல் நகங்கள் நாவல்பழம் தின்ற நாக்கைப்போல நீலம் பாரித்திருந்தன. உச்சி வெயிலில் மூன்று கம்பளி போர்த்தியும் பல் அடித்துக்கொண்டது.

மலைக்காய்ச்சல் கண்டவர்களுக்கும், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி பிழிகிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. போடிக்கு ரயில் வரப்போகிறது என்று இப்போது ஊரெல்லாம் பேச்சு. அன்று எங்கள் மலைக்கு ஒற்றையடிப் பாதையும் பொதிமாடும்தான். காய்ச்சலுக்குக் கொசுதான் காரணம் என்று இப்போது சொல்கிறார்கள். அன்று நாங்கள் காட்டின் விஷக்காற்று என்று நம்பினோம், அதாவது பழியைக் காட்டின்மேல் போட்டோம்.

என் தொழிலை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏலச்செடி நிழலில் வளரும் பயிர். ஆனால் நிழல் கூடினால் காய்க்காது. நிழலைக் குறைக்கப் பெரிய மரத்தை வெட்டிச் சாய்த்தால், அது விழுந்து நூறு ஏலத்தூரை நசுக்கிவிடும். அதனால் மரத்தின் அடியில் ஒரு முழ அகலத்துக்குச் சுற்றிவரப் பட்டையை உரித்து எடுத்துவிடுவோம். இதை வளையம் போடுவது என்போம். மரம் நின்றபடியே காய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும். எந்த மரத்துக்கு வளையம் என்று குறி போடுகிறவன் நான். என் கை பட்ட மரம் பிழைத்ததில்லை என்று மேட்டுக்கு இரண்டு பக்கமும் எனக்குப் பேர் இருந்தது. அந்தப் பேரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

காய்ச்சல் மூன்று கட்டமாக வரும். முதலில் குளிர், பிறகு அனல், கடைசியில் வேர்வை. வேர்த்து முடிந்ததும் உடம்பு பஞ்சாகிவிடும். மறுநாள் ஒன்றுமே இருக்காது. பசிக்கும், வேலைக்குப் போகலாம் என்று தோன்றும். அதற்கு மறுநாள், அதே வேளையில், கொட்டாவி. இதை முறைக்காய்ச்சல் (ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவது) என்கிறார்கள். காய்ச்சல் இல்லாத அந்த நடுநாளை நம்பாதீர்கள். நான் நம்பினேன். நான்கு முறை விழுந்து எழுந்து, ஐந்தாம் முறை நினைவு தப்பினேன்.

என் மனைவி பேச்சியம்மாதான் ஆட்களைக் கூப்பிட்டு, கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து என்னை மலையடி ஊரான முந்தல் வழியாகக் கீழே இறக்கினாள். போடியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. கட்டில் இல்லாததால் நடைக்கூடத்தில் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். டாக்டர் என் இடது விலாவுக்குக் கீழே நான்கு விரலை வைத்து அழுத்தினார். கல்லை வைத்து அமுக்கியதுபோல வலித்தது. மண்ணீரல் (இரத்தத்தைச் சுத்தம் செய்யும் உறுப்பு, இந்தக் காய்ச்சலில் வீங்கிக் கெட்டிப்படும்) தொப்புள்வரை இறங்கியிருக்கிறது என்றார்.

கொய்னா (குயினைன்) கொடுத்தார்கள். அதன் கசப்பு நாக்கோடு நிற்காது, காதுவரை போகும். அதைச் சாப்பிடுகிற நாட்களில் காதுக்குள் வண்டு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். பயப்படாதீர்கள்; ஆனால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு வாரத்தில் எழுந்து உட்கார்ந்தேன். டாக்டர் ஒரு நாள் மருந்துப் புட்டியைக் காட்டி என்னிடம் கேட்டார்.

"ஏப்பா, மரத்துக்குக் குறி போடுற ஆளாமே நீ. இது என்ன மரம்னு தெரியுமா?"

தூளுக்கு ஏது மரம் என்று நான் விழித்தேன். அது ஒரு மரத்தின் பட்டையிலிருந்து எடுத்தது என்றார். எங்கள் மலைமேலேயே வெள்ளைக்காரர்கள் அந்த மரத்தைத் தோட்டம் போட்டு, விலை விழுந்ததும் விட்டுவிட்டுப் போனார்கள் என்றும் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தோட்டத்துக்கு மேலே ஒரு சரிவை ஆட்கள் கசப்புக்காடு என்பார்கள். ஆடு வாய் வைக்காது, அதனால் அந்தப் பேர் என்று நினைத்திருந்தேன். எத்தனை ஆயிரம் தடவை அந்தப் பக்கம் போயிருப்பேன்! காட்டையே கரைத்துக் குடித்தவன் என்று மீசை முறுக்கியவனுக்கு, தன்னைப் பிழைக்கவைத்த மரம் எதுவென்று தெரியவில்லை. நடைக்கூடத்தில் உட்கார்ந்து நானே சிரித்துக்கொண்டேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

காய்ச்சல் நின்ற பிறகும் பல வாரம் மருந்தை விடக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மலையேறிய எட்டாம் நாள் நிறுத்திவிட்டேன். ஆற்றைக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பதுதானே நம் வழக்கம். எனக்கு எதிலும் அவசரம். சோற்றை ஆறவிட்டுத் தின்று பழக்கமில்லாதவன்.

ஆனால் பயம் மட்டும் போகவில்லை. சித்திரையில் கோடை மழை பெய்து மரப்பட்டைகள் இளகிய சமயம், கோடாலி எடுத்துக்கொண்டு கசப்புக்காட்டுக்குப் போனேன். பேச்சியம்மாவும் கூட வந்தாள். மீதி இருந்தவை ஏழு மரங்கள்தான். இலையில் சிவப்பு நரம்பு ஓடும். பட்டையைக் கீறினால் உள்பக்கம் செம்மண் நிறம். வாயில் வைத்ததும் அதே கசப்பு, அதே வண்டு. பார்த்த மாத்திரத்தில் ஆயுசுக்கும் வேண்டிய மருந்தைச் சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எனக்குத் தெரிந்த வழியில் சுற்றிவர வளையமாக உரிக்க ஆரம்பித்தேன்.

பேச்சியம்மா என் கையைப் பிடித்தாள். ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் எடுத்தால் போதும், மரம் பிழைத்துக்கொள்ளும் என்றாள். மரத்தைப் பற்றி எனக்கே பாடமா என்று கேட்டேன். அவள் கையை விட்டுவிட்டாள். ஆறு மரத்தை நான் முடித்து ஏழாவதற்கு வந்தபோது அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"இந்த ஒண்ண எனக்கு விடுங்க."

சரி, பொண்டாட்டிக்கு ஒரு மரம் சீதனம் என்று சிரித்துவிட்டு விட்டேன். அவள் அரிவாள் நுனியால் ஆள் உயரத்துக்கு இரண்டு நேர்கோடு கீறினாள். நான்கு விரல் அகலம் இருக்கும். நடுவில் இருந்த பட்டையை உள்ளே இருக்கும் வெள்ளைக் கட்டையில் நகக்கீறல்கூட விழாமல் வாழைப்பட்டை உரிக்கிற மாதிரி உரித்தாள். பாறையிலிருந்து ஈரப் பாசியை வாரிக்கொண்டு வந்து அந்தப் புண்மேல் அப்பி, ஏலத்தட்டையைக் கிழித்து முறுக்கிய நாரால் சுற்றிக் கட்டினாள். அவள் விரல்கள் ஓடிய வேகம் பழகிய கையின் வேகம். சின்ன வயதில் இந்தத் தோட்டத்தில் பாசி கட்டுகிற சோலி பார்த்தவளாம். அவளும் இன்னும் பத்துப் பெண்களும் நாள் பூராவும் இதைத்தான் செய்வார்களாம். எட்டு வருஷம் குடும்பம் நடத்தியும், கல்யாணத்துக்கு முன் என்ன வேலை பார்த்தாய் என்று நான் அவளைக் கேட்டதில்லை.

உரித்த பட்டையை வெயிலில் இரண்டு நாள்கூட வைக்காமல் சாக்கில் திணித்துப் பரணில் ஏற்றினேன். வளையம் போட்ட மரங்கள் மாதக்கணக்கில் பச்சையாகவே நின்றன. இரண்டு மரம் பூக்கக்கூடச் செய்தது. "பாத்தியா, நிக்குதுல்ல" என்று அவளிடம் சொல்லிக் காட்டினேன். வளையம் போட்ட மரம் சாவதற்கு முன் அப்படித்தான் பூக்கும் என்பது என் தொழிலிலேயே எனக்குத் தெரிந்த விஷயம். ஆனாலும் சொன்னேன். காய்ச்சலுக்கு நடுநாள் எப்படியோ, மரத்துக்கு அந்தப் பச்சை அப்படி.

அடுத்த வருஷம் ஆடி மாதம் கொட்டாவி திரும்பி வந்தது.

அந்த ஆடியில் மழை விடவே இல்லை. மேட்டுப்பாதை மூன்று இடத்தில் சரிந்துபோனது. கீழே போக வழியில்லை. தோட்டத்தில் இருந்த கொய்னாப் புட்டி முன்பே காலி. லயத்தில் (கூலிக்காரர்கள் தங்கும் வரிசை வீட்டில்) இன்னும் மூன்று பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். எனக்கு மூன்றாவது முறை காய்ச்சல் வந்து போனபோது மண்ணீரல் மறுபடி வீங்கி, இடது பக்கம் ஒருக்களிக்க முடியவில்லை. மூத்திரம் கறுப்பாகப் போனது. அது கெட்ட அறிகுறி என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

பரணிலிருந்து சாக்கை இறக்கச் சொன்னேன். அவிழ்த்ததும் அழுகல் வாடை வந்தது. ஈரம் போகாமல் திணித்த பட்டை முழுதும் கறுத்துப் பூசணம் பிடித்து, கையில் எடுத்தால் பொடிந்தது. ஆறு மரத்தின் உயிர் அந்தச் சாக்கில் மக்கிக் கிடந்தது. மேலே போய்ப் பார்த்துவந்த லயத்து ஆள் ஒருவன், ஆறும் காய்ந்த கட்டையாக நிற்கின்றன என்றான். மிச்சம் பேச்சியம்மாவின் மரம் ஒன்றுதான்.

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் படுத்தபடியே சொன்னேன்.

"சுத்தி எடுத்துட்டு வா. ஒரு வெரல் விடாம எடு."

"ஒரு கீத்துதான் எடுப்பேன்."

"எனக்கு உசுரு போகுதுடி. ஒனக்கு மரம் பெருசாப் போச்சா?"

அவள் என் நெற்றியில் கிடந்த துணியை எடுத்து நனைத்துப் பிழிந்து திரும்பவும் போட்டாள். பிறகுதான் பேசினாள்.

"ஒண்ணுல நிக்கலேன்னா ரெண்டாவது கீத்து எடுக்குறேன். அதுலயும் நிக்கலேன்னா மூணாவது. மேலுக்கும் கீழுக்கும் தோலு ஓடணும் அதுக்கு, இல்லேன்னா செத்துப்போகும். ஒங்களுக்கு இன்னும் எத்தன வாட்டி காய்ச்ச வருமோ, அத்தன வாட்டியும் அது அங்கன நிக்கணும். வெரசா வந்துர்றேன்."

அவள் போன பிறகு அவளைத் திட்டினேன். மறைக்காமல் எழுதுவது என்று உட்கார்ந்ததால் எழுதுகிறேன்: என்னைச் சாகவிடப் பார்க்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். சாவு கிட்டே வந்தால் மனிதனுக்கு ஞானம் வரும் என்கிறார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உலகத்தில் இருக்கிற பட்டை எல்லாம் எனக்கே வேண்டும் என்று இருந்தது.

மழையில் நனைந்து, கால் முழுக்க அட்டை கடித்த இரத்தத்தோடு திரும்பி வந்தாள். முன்பு எடுத்ததற்குப் பக்கத்தில், நடுவில் ஒரு கை அகலத் தோலை விட்டுவிட்டு, இன்னொரு கீற்று எடுத்திருந்தாள். இடித்துக் கொதிக்கவைத்துக் கஷாயமாக இறக்கினாள். அதிலேயே லயத்தில் கிடந்த மூன்று பேருக்கும் பங்கு போனது. அதற்கும் நான் முணுமுணுத்தேன்.

அடுத்த முறைநாளில் குளிர் வந்தது, ஆனால் அரை மனதாக வந்தது. அதற்கடுத்த முறைநாள் காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வழக்கமான வேளை நெருங்கியது. எனக்குக் கொட்டாவி வந்தது.

பேச்சியம்மா வந்து உட்கார்ந்து என் இரண்டு கையையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நகங்களைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இன்னொரு கொட்டாவி வந்தது. நகங்கள் நீலம் பாரிக்கவில்லை. அவள் ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தாள். விட்டதும் இரத்தம் சிவப்பாக ஏறியது.

"தூக்கம் வருது ஒங்களுக்கு. தூங்குங்க" என்றாள்.

அது வெறும் தூக்கம்தான். அப்படி ஒரு தூக்கத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் தூங்கியதில்லை. லயத்தில் கிடந்த மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள்.

மழை விட்டதும் கம்பை ஊன்றிக்கொண்டு கசப்புக்காட்டுக்கு ஏறினேன். அரை நாழிகை தூரத்துக்கு ஐந்து இடத்தில் உட்கார்ந்தேன். அவசரக்காரனுக்கு நோய் கொடுத்த முதல் தண்டனை அது. பிறகு தண்டனையாகத் தோன்றவில்லை. உட்கார்ந்த இடத்தில் எல்லாம் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. பாசிக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பட்டுப்போன கிளையில் எறும்பு குடியேறிக்கொண்டிருந்தது. பதினைந்து வருஷம் அந்தச் சரிவில் நடந்திருக்கிறேன். ஒரு தடவையும் உட்கார்ந்ததில்லை.

ஆறு மரங்களையும் பார்த்தேன். தலை குனிந்துதான் பார்த்தேன். அவற்றில் இரண்டின் அடியில், நான் போட்ட வளையத்துக்குக் கீழே, வேரை ஒட்டிச் சிவப்பு நரம்போடு துளிர் விட்டிருந்தது. இவ்வளவு செய்த பிறகும் துளிர்க்க அதற்கு மனம் இருந்ததே என்று நினைத்தேன்.

ஏழாவது மரத்தின் பழைய பாசிக்கட்டைப் பேச்சியம்மா அவிழ்த்துக் காட்டினாள். புண் இருந்த இடத்தில் புதுப்பட்டை வந்திருந்தது. குழந்தையின் உள்ளங்கால் போல மெல்லிசாக, ஈரமாக இருந்தது. அதன்மேல் கை வைக்கும் முன் செருப்பைக் கழற்றினேன். யாரும் சொல்லிக் கழற்றவில்லை, கால் தானாகக் கழற்றிக்கொண்டது. அட்டை கடிக்கும் என்று பேச்சியம்மா சிரித்தாள். கடித்தது. அன்றிலிருந்து அந்த மரத்திடம் செருப்போடு போனதில்லை. கோயிலுக்கும் போகிறவன்தான் நான். ஆனால் கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் கைகூப்பி நிற்கிற இடம் எனக்கு அது ஒன்றுதான்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். முதல் நாள் வளையம் போட வேண்டியது ஓர் ஆயினி மரம், மூன்று ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமன். சுண்ணாம்புச் சட்டியை வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றவன் அப்படியே நின்றேன். கிளையை மட்டும் கழித்தாலும் வெளிச்சம் இறங்குமே என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார். மரமேறி ஆள் விழுந்தால் யார் பொறுப்பு என்றார். நானே ஏறுகிறேன் என்றேன். வீங்கிய மண்ணீரலோடு மரமேறுவது முட்டாள்தனம். அடிபட்டால் கிழிந்துவிடும் என்று டாக்டர் பிற்பாடு கத்தினார். நீங்கள் ஏறாதீர்கள். எங்கள் தோட்டத்தில் பாதிச் சரிவிலாவது வளையம் போடுவது நின்று, கிளை கழிப்பது வழக்கமானது. மீதிப் பாதியைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. மேலே தேயிலைக்காக மொட்டையடித்த சரிவுகளில் ஊற்றுகள் வற்றியதையும் பார்த்தேன். நான் குறி போட்டுக் கொன்ற மரங்களின் எண்ணிக்கை எனக்கே தெரியாது.

கசப்புக்காடும் தேயிலையாகிவிட்டது. அந்த ஒரு மரம் மட்டும் நிற்கிறது, எல்லைக்கல் அதன் அடியில் இருப்பதால் இரண்டு தோட்டத்துக்காரர்களும் தொடவில்லை. கல் அங்கே எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

இப்போது நாங்கள் ராசிங்காபுரத்தில் இருக்கிறோம். காய்ச்சல் பிறகு இரண்டு தடவை வந்தது. தபால் கச்சேரியிலேயே கொய்னாப் பொட்டலம் கிடைக்கிறது, டாக்டர் சொன்ன கடைசி நாள்வரை சாப்பிட்டேன். மண்ணீரல் சுருங்கிவிட்டது. ஆனாலும் மூச்சை இழுத்தால் விலாவுக்குக் கீழே கட்டைவிரல் பருமனுக்குத் தட்டுப்படும். அது முழுதாகப் போகாது என்றார் டாக்டர். போக வேண்டாம் என்றுதான் எனக்கும் இருக்கிறது. உடம்பு இன்னும் நாட்களை ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் எண்ணுகிறது. மற்றவர்களுக்கு வாரம் ஏழு நாள். எனக்கு நகம் சிவப்பாக விடிகிற ஒவ்வொரு நாளும் தனி நாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி மழை ஓய்ந்ததும், இரண்டு பேரும் மலையேறுகிறோம். லயத்தில் கேட்கிறவர்களுக்காகப் பேச்சியம்மா ஒரு கீற்று எடுத்துக் கொடுப்பாள். இப்போது எடுப்பது பாசிக்கு அடியில் திரும்பி வளர்ந்த பட்டை. அது முதல் பட்டையைவிடக் கசப்பு அதிகம், மருந்தும் அதிகம் என்கிறார்கள்.

போன தடவை பாசியை நான் கட்டினேன். இத்தனை வருஷத்தில் அவள் எனக்குக் கட்டக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. கட்டி முடித்துப் பெருமையோடு நிமிர்ந்தேன். அவள் நாருக்கும் பாசிக்கும் நடுவே சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். விரல் நுழையவில்லை.

"இறுக்கிட்டீங்க" என்று சொல்லி, என் முடிச்சு எல்லாவற்றையும் மேலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தாள். இடது விலாவில் கையை வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு பக்கத்தில் நின்றேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.